நாலாவது தவணை

அவருக்கு அப்பா வைத்த பெயர் நிலப் பத்திரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஊர் வாயில் புழங்குவது 'அரைமூட்டை'. அந்தப் பெயரைக் கொடுத்தது உரக்கடை. "அண்ணே, உங்க நெல்லுக்கு மூணு மூட்டை யூரியா போதும்" என்று கடைக்காரர் சொன்னால், "மூணரையாப் போடு" என்பார். நாலு போதும் என்றால் நாலரை. ஒருமுறை கடைக்காரர் விளையாட்டாக, "இந்தத் தடவை ஒண்ணுமே வேண்டாம்ணே, மண்ணு தெம்பா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். "அப்படியா? சரி, அரை மூட்டை மட்டும் போடு" என்று பதில் வந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர், பிறகு உரியவே இல்லை.

கொசுறு இல்லாமல் வாழத் தெரியாத மனிதர். வெங்காயம் வாங்கினால் நாலு மிளகாய், துணி வாங்கினால் ஒரு பை, முடி வெட்டப் போனால் மீசைக்கும் சேர்த்து ஒரு ஒதுக்கு. ஊரெல்லாம் கொசுறு வசூலித்தவர், தன் வீட்டு உலையில் மட்டும் ஒரு ஆளுக்கு மேல் அரிசி போடுவதில்லை. போட்டால் தின்ன ஆள் வேண்டுமே. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்மா."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"சரிப்பா, வெச்சிடறேன்."

எந்த வியாபாரியிடமும் கூடுதலாக ஒரு பிடி வாங்கிவிடுகிறவருக்கு, அந்தப் போனில் அரை நிமிஷம் கூட்டிக் கேட்க மட்டும் நா எழுந்ததில்லை.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் காலி உரச் சாக்குகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார். வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதற்கு அது தேவலை.

அவர் வயல் மேட்டில் இருந்தது. ஒரே ஒரு வரப்பு தாண்டி, ஒரு முழம் பள்ளத்தில், தங்கையின் வயல். வாய்க்கால் தண்ணீர் முதலில் அவர் வயலில் விழும். அங்கே நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாகத் தங்கை வயலுக்கு இறங்கும். மடை என்றால் அணைக்கட்டு ஒன்றுமில்லை, மண்வெட்டி அகலத்துக்கு ஒரு திறப்பு. அவள் பயிருக்கு வேறு தண்ணீர் கிடையாது என்பதால், அது திறந்தே இருக்கவேண்டும் என்று பாகம் பிரித்தபோதே பேசி வைத்தார்கள்.

பாகம் பிரித்த அன்றைக்கே பேச்சும் பிரிந்தது. நாலு பேர் முன்னால் அவர் ஒரு வார்த்தை விட்டார்: "வரப்புல நடக்கத் தெரியாதவளுக்கு வயல் எதுக்கு?" வன்மம் இல்லை. மாடு பிடிக்கப் போனால் பல்லைக் குறை சொல்லி விலையை இறக்குவோமே, அந்த வாய்ப்பழக்கம். ஆனால் மாட்டுக்குக் காது கேட்டாலும் மனதில் வைக்காது. தங்கை வைத்தாள்.

"இனி உன் வரப்புல என் கால் பட்டா ஏன்னு கேளு" என்றாள்.

ஒன்பது வருடம். படவில்லை. அவர் மனைவி இறந்த அன்று தெரு வழியாக வந்தாள், பின்னால் நின்று அழுதாள், அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

பேச்சு இல்லையே தவிர, அவள் குரல் இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில். வயலை அவளே பார்த்தாள். நடவுக்கு வந்த பெண்களை, "ஏம்மா, நாத்து நடறியா, நாத்துக்குத் தலை வாரி விடறியா?" என்று அவள் விரட்டுவது மேலே தெளிவாகக் கேட்கும். அவர் வயலில் களை பறிக்க எத்தனையோ இடம் இருந்தாலும், அந்த வரப்போரத்துக் களைதான் அவர் கண்ணுக்கு அதிகம் பட்டது. சில நாட்கள் பறித்த இடத்தையே மறுபடி பறித்தார்.

ஒரு விஷயம்தான் அவருக்குச் செரிக்கவில்லை. அவள் பயிர். கொஞ்சம் மாட்டு எரு, பெயருக்கு ஒரு மூட்டை யூரியா, அவ்வளவுதான் போடுவாள். நெல்லோ கிளியைப் பிடித்து நட்டது மாதிரி நிற்கும். "அவங்களுக்குக் கை ராசி" என்று ஊர் சொன்னது. இவருக்கு வயிறு எரிந்தது. தங்கையைவிட ஒரு பிடி கூடுதலாகப் பச்சை தெரியவேண்டும் என்று அரை மூட்டை கூட்டினார். அந்த வருடம் அவள் பயிர் இன்னும் பச்சையாயிற்று. இவர் இன்னும் அரை மூட்டை கூட்டினார். அவள் பயிர் அடர்ந்து நின்றது. இவருடையது உயரமாக வளர்ந்து, பூச்சிக்கு விருந்து வைத்து, கடைசியில் ஒரு மழைக்குப் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது.

"அண்ணே, எனக்கு மூட்டை போனா லாபம்தான்" என்றார் உரக்கடைக்காரர். "ஆனா உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. ஒரு தடவை மண்ணைப் பரிசோதிச்சிடுங்க."

வியாபாரி தன் சரக்கை வாங்காதே என்று சொன்னால், நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். அரைமூட்டை மறுநாளே மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரியை எல்லோரும் 'மண் டாக்டரம்மா' என்பார்கள். அரைமூட்டை மண் கொண்டுபோன சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன சாக்கு?"

"யூரியா சாக்குங்க. நல்லா உதறிட்டுத்தான்..."

"சர்க்கரை டப்பாவுல தண்ணி மொண்டு வந்து, எங்க கிணத்துத் தண்ணி இனிக்குதா பாருன்னு கேக்கறீங்க. மண்ணு எங்க எடுத்தீங்க?"

"வரப்போரம். மரத்தடியில. நிழலா இருந்துச்சு."

"உங்களுக்கு நிழல். மண்ணுக்கு அது குப்பை விழற இடம். போய் வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமா நடந்து, பத்து இடத்துல அரையடி ஆழத்துக்கு வெட்டி, எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு ரெண்டைத் தள்ளிட்டு, துணிப்பையில அரைக்கிலோ கொண்டு வாங்க."

அவர் ஒரு கிலோ கொண்டுபோனார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. மணிச்சத்து அதிகம், சாம்பல் சத்து நடுத்தரம், தழைச்சத்து குறைவு. குறைவு என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தழைச்சத்துன்னா யூரியாதானே? குறைவா? நான் கொட்டின யூரியாவுக்கு இந்நேரம் மண்ணு முளைச்சு நெல்லு ஆகியிருக்கணும்!"

"எப்பப் போடுவீங்க?"

"தண்ணி கட்டிட்டு, காலையில."

"மடை?"

"அது எப்பவும் திறந்துதான் இருக்கும். கீழ் வயலுக்குத் தண்ணி போகணுமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யூரியா தண்ணியில சர்க்கரை மாதிரி கரையும். நீங்க மேலே போடறீங்க, அது மடை வழியா இறங்கிப் போயிடுது. கீழ் வயல் யாரோடது?"

"எங்க... ஒருத்தரோடது."

"அந்த ஒருத்தர் குடுத்து வெச்சவங்க."

பிறகு செய்முறையைச் சொன்னார். மொத்த உரத்தில் பாதியைக் குறைக்கவேண்டும். அதையும் மூன்று தவணையாகப் பிரிக்கவேண்டும். தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது வீசி, மடையை மூன்று நாள் அடைத்து வைக்கவேண்டும். எப்போது போடுவது என்று தெரிய ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக நிறம் தீட்டியது. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, சொன்ன பட்டையைவிட வெளுத்திருந்தால்தான் உரம். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்களே, அதுதான். நீங்க அளக்காம ஆத்துல போட்டிருக்கீங்க."

திரும்பி வரும்போது அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. தங்கையை ஜெயிக்க அவர் போட்ட ஒவ்வொரு அரை மூட்டையும் தங்கையின் பயிருக்கே விழுந்திருக்கிறது. பந்தயத்தில் எதிராளி குதிரைக்குத் தினமும் கொள்ளு வைத்த புத்திசாலி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பிறகு எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து ஒற்றைத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வேறு ஒன்று வந்தது. ஒன்பது வருடமாக அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் போன ஒரே பொருள் அதுதான். அது போய்க்கொண்டிருந்ததுகூட யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கே மனதில் ஒரு கணக்குப் போட்டார். மடையை அடைத்தால் அவள் பயிர் வெளுக்கும். வெளுத்தால் அவளுக்குக் காரணம் புரியாது. புரியாவிட்டால் கேட்க வேண்டும். மேல் வயல்காரனைத்தான் கேட்க வேண்டும். ஒரு வார்த்தை, "என்ன பண்ணினே?" என்றாவது. வசவாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த நடவில் டாக்டரம்மா சொன்னபடியே செய்தார். உரக்கடையில், டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேல் அரை மூட்டை கூட்டாமல் வாங்கியதைப் பார்த்து, கடைக்காரர் "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று விசாரித்தார். உரம் போட்ட அன்று மடையை அடைத்தார், மூன்று நாள் கழித்துத் திறந்தார். அவர் பயிர் அளவாக, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. வீட்டில் இரண்டாவது நாற்காலியிலிருந்த சாக்குகளை எடுத்துப் பரணில் போட்டு, நாற்காலியைத் துடைத்தார். அவள் வந்தால் முதலில் என்ன சொல்வது என்று சோற்றுப் பானையிடம் சொல்லிப் பார்த்தார். "வா, உக்காரு" நன்றாகத்தான் இருந்தது.

இருபத்தைந்து நாளில் கீழ் வயல் வெளுக்கத் தொடங்கியது. முதலில் அடி இலைகள், நுனியிலிருந்து. பிறகு வயல் முழுக்க, காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி ஆயிற்று. தங்கை வயல் நடுவில் நின்று ஓர் இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்ததை அவர் வரப்போரக் களைக்கு நடுவிலிருந்து பார்த்தார். அவள் நிமிர்ந்தாள். இவர் குனிந்துகொண்டார்.

ஒரு வாரம் அவள் குரலே கேட்கவில்லை. ஆட்களை விரட்டும் சத்தம்கூட இல்லை. நாற்காலியில் தூசி படிந்தது, தினமும் துடைத்தார்.

எட்டாம் நாள் காலையில் மடைக்குக் கீழே, தன் வயலுக்குள், கணுக்கால் சேற்றில் அவள் வந்து நின்றாள். வரப்பில் கால் வைக்கவில்லை. தலை நரைத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் பார்த்து ஒன்பது வருடம் ஆனதால், அது அவருக்கு நேற்று ராத்திரி நரைத்ததுபோல் இருந்தது.

"தெரிஞ்சுதான் விட்டியா?" என்றாள்.

"என்னது?"

"நடிக்காதே. மண் டாக்டரம்மாகிட்டே போயிட்டுத்தான் வரேன். மேல் வயல் யாரோடதுன்னு கேட்டாங்க. சொன்னேன், சிரிச்சுட்டாங்க. இத்தனை வருஷமா உன் யூரியாவைத்தான் என் பயிர் தின்னுட்டு இருந்திருக்கு."

அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கை ராசி, கை ராசின்னு ஊரே சொல்லுச்சு. நானும் நம்பித் தொலைச்சேன். என் கையில ஒண்ணும் இல்லேன்னு இப்பத்தானே தெரியுது." முன்னால் நின்ற பயிரைக் கையால் ஒதுக்கினாள். "வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். கறிக்கடையில எலும்புக்குக்கூடக் கொசுறு கேக்கற மனுஷன் தெரியாமலா ஒன்பது வருஷம் விட்டிருப்பான்? வாயால பேச வெக்கப்பட்டுட்டு, தண்ணியில குடுத்து விட்டிருக்கானோன்னு தோணுச்சு. அப்படியா? அதை மட்டும் சொல்லு."

அவர் வாழ்நாளில் கேட்காமலே கிடைத்த மிகப் பெரிய கொசுறு அது. வாங்க வந்தவளே அதிக விலை சொல்லிக்கொண்டு நிற்கிறாள். விற்கிறவன் 'ஆமா' என்று தலையை ஒருமுறை அசைத்தால் போதும். வீட்டில் நாற்காலி துடைத்து வைத்திருந்தது. 'ஆமா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது அவள் முழங்காலில் உரசிக்கொண்டிருந்த இலை கண்ணில் பட்டது. நுனி கருகிய மஞ்சள். அவள் கண்ணும் கிட்டத்தட்ட அந்த நிறத்தில்தான் இருந்தது, தூங்கியிருக்க மாட்டாள்.

"இல்லை" என்றார். "எனக்குத் தெரியாது. உன் பயிரைவிட என் பயிர் பச்சையா இருக்கணும்னு போட்டேன். உனக்குப் போகுதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அடைச்சிருப்பேன்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் தெரியும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சுதான் அடைச்சேன். பயிர் வெளுத்தா நீ வந்து கேப்பேன்னு."

மடையில் தண்ணீர் சளசளத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்தது தெரியாம. நிறுத்தினது தெரிஞ்சு."

"ஆமா."

"நல்ல வியாபாரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, வெளுத்த பயிரை விலக்கிக்கொண்டு நடந்து போனாள்.

அன்று மாலை அவர் பரணிலிருந்து சாக்குகளை இறக்கி, பழையபடி நாற்காலியில் அடுக்கினார்.

நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை கீழிருந்து குரல் வந்தது. அவரைப் பார்த்து அல்ல, மடையைப் பார்த்து.

"மூணு நாளைக்குத் தண்ணி விடவேண்டாம். யூரியா போடறேன்."

அவருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. அவள் வயலில் உரம் நிற்கவேண்டும் என்றால், மேலிருந்து தண்ணீர் வந்து அலசிக்கொண்டு போகக்கூடாது. மடையின் வாய் அவர் பக்கம் இருக்கிறது. அவரிடம் சொல்லாமல் அவளால் ஒரு பிடி உரம் போட முடியாது.

"மூணரை நாள் அடைச்சு வெக்கறேன்" என்றார் அவசரமாக.

"மூணு போதும்."

அவ்வளவுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்துக்கொண்டார். 'மூணு போதும்' என்பதில் கோபம் எவ்வளவு, வேறு ஏதாவது இருந்தால் அது எவ்வளவு என்று, சந்தையில் நெல்லைக் கையில் தேய்த்துப் பார்க்கிறவர்போல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உமிதான் அதிகம் வந்தது.

பத்து நாளில் கீழ் வயல் பச்சை பிடித்தது. இந்தத் தடவை அது அவள் கையால் பிடித்த பச்சை. இரண்டாம் தவணைக்கு, "நாளைக்கு அடைக்கணும்" என்றாள். மூன்றாவது தவணை ஒன்று பாக்கி. டாக்டரம்மா அவளுக்கும் மூன்று தவணைதான் சொல்லியிருப்பார்; மூன்று தவணை என்றால் மூன்று பேச்சு. பிறகு அறுவடை வரைக்கும், அதற்குப் பிறகு அடுத்த நடவு வரைக்கும், ஒன்றுமில்லை. அரைமூட்டை பஸ் ஏறி மண் டாக்டரம்மாவிடம் போனார்.

"இந்த மூணு தவணைங்கறதை ஆறாப் பண்ணினா என்னங்க?"

"ஆறா? எதுக்கு?"

"பயிருக்கு நல்லதுதானே. குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டற மாதிரி."

"கதிர் வந்தப்புறம் ஊட்டினா அஜீரணம்தான். பூச்சி வரும், சாஞ்சிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"அஞ்சு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "என்ன, காய்கறி வாங்கறீங்களா? நாலு. அதுக்கு மேல கிடையாது. மொத்த அளவும் கூடக்கூடாது, அதே உரத்தைப் பிரிச்சுப் போடுங்க."

"அதைக் கீழ் வயலுக்கும் சொல்லிடுங்க."

"அவங்க வந்து கேட்டா சொல்றேன்."

"கேக்காட்டியும் சொல்லுங்க. போன்ல. கொசுறா நினைச்சுக்குங்க."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை இழுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்றாம் தவணைக்கு, "அடைக்கணும், இன்னைக்கு" என்றாள். நாலாவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்னாரா, இவள் கேட்டாளா, தெரியவில்லை. கேட்பதற்கும் வழியில்லை. அவர் தினமும் காலையில் அட்டையோடு வரப்பில் குத்துக்காலிட்டு, குனிந்து, அவள் வயலின் ஓரத்து இலையை எட்டிப் பிடித்து அட்டையில் வைத்துப் பார்த்தார். பத்தாம் நாள் பச்சை சரியாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு பொட்டு குறைந்ததுபோல் இருந்தது. பதினாலாம் நாள் சந்தேகமே இல்லை. ஒரு பட்டை கீழே இறங்கியிருந்தது. போடுவதாக இருந்தால் இன்றைக்குத்தான் போடவேண்டும்.

சேற்றை வெட்டி, குழைத்து, மடைக்குப் பக்கத்தில் குவித்து வைத்தார். நாலு கை மண், ஒரு மிதி, மடை அடைந்துவிடும். அடைக்கவில்லை. அடைத்து வைத்துவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. குவித்த சேறு மேலே காயத் தொடங்கியது. கையால் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தினார். இன்னொரு முறை தெளிக்கும்போது தூரத்தில், பயிருக்கு நடுவில், ஒரு வாளி அசைந்து வந்தது.

அவள் கீழே வந்து நின்றாள். ஓடும் மடையைப் பார்த்தாள். குழைத்து வைத்த சேற்றைப் பார்த்தாள்.

"மண்ணையும் குழைச்சு வெச்சுட்டு எதுக்கு உக்காந்திருக்கே?"

"நீ சொல்லாம எப்படி அடைக்கறது?"

அவள் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அடை."

"எத்தனை நாளைக்கு?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

ஒரு கை மண் வைத்தார். தண்ணீர் அதைச் சுற்றிப் போயிற்று. இரண்டாவது கை வைத்தார். தண்ணீர் வடியும்வரை அவள் உரம் வீச முடியாது, நின்றாகவேண்டும். நின்றாள். மூன்றாவது கை மண்ணை அவர் ரொம்ப நேரம் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை; அவரைப் பார்க்கவும் இல்லை. தன் வயலின் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சேறு தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது கை வைத்ததும் மடையின் சத்தம் நின்றது.

அவள் முதுகைக் காட்டி நடந்துகொண்டே வீசத் தொடங்கினாள். கை விரிந்து விரிந்து மூடியது. வெள்ளைக் குருணை சேற்றில் விழும் சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போயிற்று. அந்தப் பருவத்தின் கடைசித் தவணை. அவள் வயலின் மறுகோடிக்குப் போய், வாளியைக் கவிழ்த்துத் தட்டி, கரை ஏறித் தெருப் பக்கம் திரும்பும்வரை அவர் இருந்தார். பிறகும் எழவில்லை. அடைத்த மடையின்மேல், தேவையில்லாமல், இன்னும் ஒரு அரைக் கை மண்ணை வைத்து அழுத்தினார்.